டாக்டர் சீட்டும் சின்ன எழுத்து நிபந்தனைகளும்

மார்ச் கடைசி வாரம் தொடங்கினால் மே முதல் தேதி வரை நியூ ஜெர்சியில் கல்லூரி ஆலோசகர்களின் கைப்பேசி ஓயாது. எடிசன், பிளெயின்ஸ்பரோ, வெஸ்ட் விண்ட்சர் என்று இந்தியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஊர்களில் அந்த வாரங்கள் முழுக்க ஒரே பேச்சுதான். ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் உள்ளே எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்று யாருக்கு எங்கே கிடைத்தது என்று கணக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளின் முடிவு மார்ச் மாதத்தோடு வந்துவிடும். மே 1-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்டியாக வேண்டும். மற்ற வீடுகளுக்கு அது கல்லூரித் தேர்வு. ‘பி.எஸ்-எம்.டி.’ கிடைத்த வீடுகளுக்கோ, பதினேழு வயதில் எடுக்கும் தொழில் முடிவு.

பள்ளி முடித்த கையோடு இளநிலைப் பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் சேர்த்தே இடம் கொடுக்கும் திட்டங்களுக்குத்தான் அந்தப் பெயர். சில ஆறு ஆண்டு, சில ஏழு, பல எட்டு. இத்தகைய கடிதம் வந்த வீட்டுப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து, எதை ஏற்பது, எதை விடுவது என்று பேசுவதுதான் இதை எழுதுபவரின் தொழில்.

அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். “மேடம், ரெண்டு லெட்டர் வந்திருக்கு. ஒண்ணு ஏழு வருஷம், இன்னொண்ணு எட்டு. ஏழையே எடுத்துடலாம்ல?”

“லெட்டரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா?” என்பதுதான் பதில் கேள்வி. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. முதல் பக்கத்தில் வாழ்த்து இருக்கும். கடைசிப் பக்கத்தில் நிபந்தனை இருக்கும். ஆலோசகரின் வேலை தொடங்குவது அங்கேதான்.

ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு இந்தக் குழப்பமே விளங்காது. “இங்க பிளஸ் டூ முடிச்சா அஞ்சரை வருஷத்துல டாக்டர். அங்க என்னப்பா எட்டு வருஷம்?” என்று மதுரையிலிருந்து ஒரு தாத்தா வீடியோ அழைப்பில் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இந்தியாவில் நீட் எழுதி, நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., ஓராண்டு பயிற்சி மருத்துவம் என்று முடிந்துவிடும். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியே பட்டதாரிகளுக்கானது. 1893-இல் பால்டிமோரில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, இளநிலைப் பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்ப்பது என்று அப்போதே விதி வைத்தது. 1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, காசு கொடுத்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்ட மருத்துவப் பள்ளிகளைத் தோலுரித்தது. பல பள்ளிகள் மூடப்பட்டன, சேர்க்கை விதிகள் இறுகின. கல்லூரியில் நாலு ஆண்டு, மருத்துவத்தில் நாலு ஆண்டு என்ற வழக்கம் படிப்படியாக நிலைத்தது. அதற்கு மேல் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. பொது மருத்துவத்துக்கு மூன்று ஆண்டு, பொது அறுவை சிகிச்சைக்கு ஐந்து, நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு ஏழு.

அந்த இரண்டு நாலாண்டுகளுக்கும் நடுவில் ஒரு பெரிய சல்லடை இருக்கிறது. ‘எம்கேட்’ என்ற நுழைவுத் தேர்வு, இடைவேளைகளோடு சேர்த்து ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடியும். தேர்வோடு விண்ணப்பம், கட்டுரைகள், நேர்காணல்கள். 2023-24 சேர்க்கையில் எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் 52,577 பேர், சேர்ந்தவர்கள் 22,981 பேர். பாதிக்கு மேல் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் பலரும் கல்லூரியில் நன்றாகப் படித்தவர்களே. இந்தச் சல்லடையைத் தாண்டிப்போக வழியிருக்கிறது என்றால் எந்தப் பெற்றோருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் இந்தத் திட்டங்கள் பெற்றோரின் பதற்றத்தைத் தணிக்கப் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்புக் காரணம் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை அந்தக் காரணத்தை வைத்தே பாதி சொல்லிவிடலாம்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியும் 1960-களில் கைகோத்ததற்குக் காரணம் வேகம். கெட்டிக்கார மாணவரை ஏன் எட்டு ஆண்டு காக்க வைக்க வேண்டும் என்று கேட்ட காலம் அது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் திட்டமும் 1961-இல் அதே எண்ணத்தில் பிறந்தது. 1970-களில் நோக்கம் மாறியது. மிசூரி-கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகம் 1971-இல் ஆறு ஆண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி முடித்த பிள்ளை முதல் ஆண்டிலிருந்தே மருத்துவமனைக்குள் நடமாட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நியூயார்க் சிட்டி கல்லூரியில் 1973-இல் உருவான சோஃபி டேவிஸ் பள்ளி, மருத்துவர் கிடைக்காத நகரப் பகுதிகளுக்கு மருத்துவர்களை உருவாக்க நினைத்தது. அதுதான் 2016-இல் முழு மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டம் 1984-இல் வந்தது. அதன் கவலை வேகமே இல்லை. எம்கேட் பயத்தில் வேதியியலையும் உயிரியலையும் மட்டும் உருப்போடும் இளைஞர்கள், வரலாறும் இலக்கியமும் தத்துவமும் படித்த மருத்துவர்களாக வரட்டும் என்பது அதன் எண்ணம். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் 2006-இல் தொடங்கிய திட்டம் ஆண்டுக்கு 28 பேரை எடுக்கிறது. அந்த மாநிலத்துக் கிராமங்களுக்குத் திரும்பிப்போய் வேலை பார்ப்பவர்கள்தான் அதற்கு வேண்டும்.

ஆகவே ‘பி.எஸ்-எம்.டி.’ என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத படிப்புகள் இருக்கின்றன. ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து இவற்றை வரிசைப்படுத்துவது, பேருந்தின் வேகத்தை மட்டும் பார்த்து ஏறிவிட்டு அது எந்த ஊருக்குப் போகிறது என்று பிறகு விசாரிப்பதைப் போன்றது.

இதை எழுதுபவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாளில் கட்டம் போடுவார். மேல் வரிசையில் கல்லூரிகளின் பெயர். இடது ஓரத்தில் கேள்விகள். குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், எவ்வளவு? அறிவியல் பாடங்களுக்குத் தனிக் கணக்கு உண்டா? எம்கேட் எழுத வேண்டுமா? எழுதினால் போதுமா, இவ்வளவு வாங்கியாக வேண்டுமா? ஒரு பருவம் சறுக்கினால் எச்சரிக்கையா, வெளியேற்றமா? வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இந்த இடம் நிற்குமா, போகுமா? கோடை விடுமுறை உண்டா? இளநிலைப் பட்டம் எப்போது கையில் வரும்? எட்டு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு என்ன?

தரவரிசைக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. அதைப் பார்த்ததும் சில அப்பாக்களின் முகம் சுருங்கும். “ரேங்கிங் போடலையே மேடம்?” ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியே 2023 ஜனவரியில் யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் தரவரிசைக்குத் தகவல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது என்ற செய்தியை அப்போது சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு வீட்டில் இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று கான்சாஸ் சிட்டியின் ஆறு ஆண்டுத் திட்டம், மற்றது பிரவுனின் எட்டு ஆண்டுத் திட்டம். அப்பா கணக்கு போட்டு வைத்திருந்தார். இரண்டு ஆண்டு மிச்சம் என்றால் இரண்டு ஆண்டு மருத்துவர் சம்பளம் கூடுதல். அம்மாவுக்கு பிரவுன் என்ற பெயர் பிடித்திருந்தது. பெண் ஒன்றும் பேசவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் ஆலோசகர் செய்யும் முதல் காரியம், அந்த இரண்டு இடங்களிலும் ஒரு மாணவியின் வாரம் எப்படிப் போகும் என்று சொல்வது. கான்சாஸ் சிட்டியில் ‘டோசன்ட்’ முறை உண்டு. ஒரு மூத்த மருத்துவரின் பொறுப்பில் சின்னக் குழு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை படிப்பவர்கள் ஒரே அணியில் இருப்பார்கள், மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தருவார். தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பல ஆண்டுகள் பார்ப்பார்கள். மருத்துவம்தான் என்று நெஞ்சில் உறுதியோடு வரும் பிள்ளைக்கு அது சொர்க்கம். ஆனால் ஆண்டு முழுக்க வகுப்பு நடக்கும், கோடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பத்தொன்பது, இருபது வயதில் நோயாளியின் படுக்கை அருகே நிற்க வேண்டும். நாடகம், நடனம், இன்னொரு பாடம் என்று அலைந்து பார்க்க நேரம் குறைவு.

பிரவுனில் அதற்கு நேர் எதிர். எந்தப் பாடத்திலும் பட்டம் எடுக்கலாம். எம்கேட் கிடையாது. முதல் நாலாண்டு மற்ற பிரவுன் மாணவர்களோடு ஒருவராக வாழலாம். யாராவது பிடித்து இழுத்தால்தான் ஓடும் பிள்ளைக்கு அந்தச் சுதந்திரமே இடைஞ்சலாகவும் ஆகலாம்.

எல்லாம் கேட்ட பிறகு அந்தப் பெண் முதல்முறையாக வாய் திறந்தாள். “மருத்துவமனையில வாலன்டியர் பண்றப்ப எனக்கு நேரம் போறதே தெரியல. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்.” அவள் கான்சாஸ் சிட்டிக்குப் போனாள். அம்மாவுக்கு வருத்தம்தான். அடுத்த ஆண்டு இதே இரண்டு கடிதங்களோடு வேறொரு பிள்ளை வந்திருந்தால் முடிவு தலைகீழாக இருந்திருக்கலாம்.

ஒரே மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பாதைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் அல்பனி மருத்துவக் கல்லூரி இதற்கு நல்ல உதாரணம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் உள்ள மூன்று கல்லூரிகளோடு அதற்கு ஒப்பந்தம் உண்டு. ட்ராய் நகரின் ரென்சிலேர் பாலிடெக்னிக் ஆராய்ச்சியை முன்னால் வைக்கிறது. ஸ்கெனெக்டடியின் யூனியன் கல்லூரி மருத்துவ நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்துத் தருகிறது. லௌடன்வில்லின் சியெனா கலைப் பாடங்களையும் சமூக சேவையையும் கேட்கிறது. கடைசியில் இந்த மூன்று இடங்களிலிருந்தும் வரும் மூவரும் ஒரே வகுப்பறையில் உடற்கூறியல் படிப்பார்கள். அங்கே வந்துசேரும் மூவர் வேறு வேறு மனிதர்கள்.

நிபந்தனைகளில் அதிகம் பேர் தடுக்கி விழுவது எம்கேட்டில். மூன்று வகை உண்டு. தேர்வே வேண்டாம் என்பது ஒன்று. எழுதினால் போதும், மதிப்பெண் பார்க்க மாட்டோம் என்பது இரண்டாவது. இவ்வளவு மதிப்பெண் வாங்கினால்தான் இடம் என்பது மூன்றாவது. மூன்றாவது வகைக்கும் கடிதத்தில் ‘உறுதி’ என்ற சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். குறைந்தபட்ச மதிப்பெண், நாடு முழுக்க மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களின் சராசரிக்கு அருகே இருந்தால் அந்த உறுதிக்கு என்ன மதிப்பு? சராசரி 511, 512 என்று நிற்கிறது. அந்த அளவு வாங்கக்கூடிய பிள்ளைக்குப் பொது வழியிலும் நல்ல வாய்ப்பு இருக்கும். ஒப்பந்தம் அவனுக்குக் கொடுப்பது கொஞ்சம், அவனிடமிருந்து வாங்குவது நிறைய.

அப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்த பையன் ஒருவன், கேட்ட மதிப்பெண்ணுக்கு இரண்டு குறைவாக எடுத்தான். மறுபடி எழுத அவகாசம் இருந்தது, ஆனால் விரைவுத் திட்டம் என்பதால் அந்த ஆண்டுப் பாடச் சுமையும் கழுத்தை நெரித்தது. இரண்டாம் முறையும் எட்டவில்லை. இடம் போனது. வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் பையன் ஓராண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தான், பிறகு டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான். டி.ஓ. என்றால் அரைகுறை மருத்துவர் என்று நம்மவர்களிடையே இன்னும் ஒரு எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் டி.ஓ. முழு உரிமை பெற்ற மருத்துவர். எம்.டி., டி.ஓ. இருவருக்குமான ரெசிடென்சி அங்கீகார முறையும் 2020-இல் ஒன்றாகிவிட்டது. டி.ஓ. கல்லூரிகளும் இதே போன்ற கூட்டுத் திட்டங்கள் நடத்துகின்றன. கட்டம் போடும் தாளில் அவற்றுக்கும் இடம் கொடுப்பது புத்திசாலித்தனம்.

பெற்றோருக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளைக்கு இருபது வயதில் டாக்டர் வேண்டாம் என்று தோன்றினால்?”

“அப்படியெல்லாம் தோணாது மேடம், சின்ன வயசுலேர்ந்தே டாக்டர்தான்னு சொல்லிட்டிருக்கான்” என்பார்கள். சின்ன வயதில் விளையாட்டு ஸ்டெதஸ்கோப் வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள்.

மனம் மாறுவது அபூர்வமல்ல. அது பிள்ளையின் குற்றமும் அல்ல. ஏழு ஆண்டுத் திட்டங்களில் இதற்கு ஒரு விலை ஒளிந்திருக்கிறது. மூன்று ஆண்டு கல்லூரி, நாலு ஆண்டு மருத்துவம் என்ற அமைப்பில், இளநிலைப் பட்டம் பல இடங்களில் மருத்துவத்தின் முதல் ஆண்டை முடித்த பிறகுதான் கிடைக்கும். மூன்றாம் ஆண்டு முடிவில் விலகும் மாணவியின் கையில் பட்டம் இருக்காது. இன்னொரு ஆண்டு இருந்து மிச்சப் பாடங்களை முடித்தாக வேண்டும். அந்த ஆண்டுக்கு உதவித்தொகை நீளுமா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இப்படி விலகிய பெண் ஒருத்தி இப்போது பொதுச் சுகாதாரத் துறையில் புள்ளியியல் வேலை பார்க்கிறாள். விலகுவதற்கு முந்தைய ஓராண்டு அவள் தூங்கியதே குறைவு. காரணம் படிப்பு இல்லை. “சீட்டை வேணாம்னு சொல்றியா? ஊரே கேட்டுக்கிட்டிருக்கு” என்ற வாக்கியம் வீட்டில் தினமும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் சேர்ந்திருந்த கல்லூரியில் நல்ல புள்ளியியல் துறை இருந்தது அவளைக் காப்பாற்றியது. அதனால்தான் தாளில் இன்னொரு கட்டம் சேர்ந்திருக்கிறது: மருத்துவத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்தக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்ப்பீர்களா? இல்லை என்றால் கடிதத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி நம் வீடுகளில் கடைசியில்தான் பேசுவார்கள், அதுவும் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு. அதை முதலில் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. 2025 ஜூலையில் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் மாணவர் கடனை மாற்றி எழுதியிருக்கிறது. முழுச் செலவையும் கடனாக எடுக்க உதவிய ‘கிராட் பிளஸ்’ கடன், 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. தனியார் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டும். மிச்சத்தைச் சொந்தப் பணத்திலோ தனியார் கடனிலோ சமாளிக்க வேண்டும். இன்று பதினேழு வயதில் கையெழுத்துப் போடும் பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும்போது நேராக இந்த விதியின் கீழ்தான் வருவான்.

இன்னொரு பக்கமும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018-இல் எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கட்டணத்தை நீக்கியது. பிராங்க்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்கு அங்கே பேராசிரியராக இருந்த ரூத் காட்ஸ்மன் 2024-இல் நூறு கோடி டாலர் கொடுத்தார். அங்கும் கட்டணம் இல்லை என்றாகிவிட்டது. அதே ஆண்டு மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் அறக்கட்டளை தந்த நன்கொடையால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆண்டு வருமானம் 3,00,000 டாலருக்குக் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணத்தை ரத்து செய்தது. இங்கெல்லாம் நுழைவது மிகக் கடினம். ஆனாலும் ‘வேறு எங்கும் விண்ணப்பிக்கக் கூடாது’ என்ற நிபந்தனையில் கையெழுத்திடும்போது இந்தக் கதவுகளையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். விண்ணப்பிக்க அனுமதித்து, இடத்தையும் பிடித்துவைக்கும் திட்டம் கையில் இருந்தால், ஓராண்டு கூடுதலானாலும் அது மேல்.

மாநிலப் பல்கலைக்கழகம் முழு உதவித்தொகை கொடுத்து, கூட்டுத் திட்டம் எதுவும் கொடுக்காத கடிதமும் சில வீடுகளில் மேசையில் கிடக்கும். அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நாலாண்டு கல்லூரிக்குக் கடனே இல்லாமல் வெளியே வரும் மாணவர், சேமித்த பணத்தை மருத்துவக் கல்லூரிக்கு வைத்துக்கொள்ளலாம். படிப்பில் உறுதியான பிள்ளைக்கு இது பல நேரம் நல்ல தேர்வு.

விசா விஷயம் தெரியாமல் ஏமாந்த குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் இந்தத் தொழிலில் மனம் கனக்கும். எச்-1பி வேலை விசாவில் வந்த பெற்றோரின் பிள்ளைகள் எச்-4 விசாவில் இருக்கிறார்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் வரிசையில் நிற்கும். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால், இந்தியர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நகராது. பிள்ளைக்கு 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். கூட்டுத் திட்டங்கள் பலவும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்கின்றன. மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பான்மை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் சிலவற்றிலும், பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போடச் சொல்லும் கல்லூரிகள் உண்டு.

நாலு வயதில் சென்னையிலிருந்து வந்து, நியூ ஜெர்சி பள்ளியிலேயே படித்து, உள்ளூர் ஆம்புலன்ஸ் குழுவில் தன்னார்வலராக இருந்த பையனுக்கு இது பதினோராம் வகுப்பில்தான் தெரியவந்தது. அவனை விடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய நண்பன் விண்ணப்பிக்கும் இடத்துக்கு அவனால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. எச்-4 குடும்பங்களிடம் ஆலோசகர் ஒன்பதாம் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். குடிவரவு வழக்கறிஞரிடம் எப்போது போக வேண்டும், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்லூரிகள் எவை என்று தேட அப்போதுதான் நேரம் இருக்கும்.

திட்டங்களே நிரந்தரமும் அல்ல. 1961 முதல் நடந்த நார்த்வெஸ்டர்ன் திட்டம் புதிய மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அண்ணன் படித்தான் என்று தம்பி அதே திட்டத்தை எட்டாம் வகுப்பிலிருந்து கனவு காண்பது வீண். ஒவ்வொரு ஆண்டும் அந்தந்தக் கல்லூரியின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். உறவினர் சொன்னதையோ வாட்ஸ்அப் குழுவில் வந்ததையோ நம்பக் கூடாது.

பதினேழு வயதில் முடிவெடுக்க மனமில்லாதவர்களுக்கு நடுவழியில் ஒரு வாசல் இருக்கிறது. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி, கலைப் பாடங்கள் படிக்கும் மாணவர்களுக்காக 1987-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதை 2013-இல் விரிவாக்கி ‘ஃப்ளெக்ஸ்மெட்’ ஆக்கினார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிக்கலாம், எந்தப் பாடமும் படிக்கலாம், எம்கேட் கிடையாது. ஜார்ஜ்டவுன், டஃப்ட்ஸ் போன்ற இடங்களிலும் தங்கள் மாணவர்களுக்கு இப்படி முன்கூட்டியே இடம் உறுதி செய்யும் வழிகள் உண்டு. கூட்டுத் திட்டம் கிடைக்காமல் அழும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் முகம் தெளியும். கிடைத்த பிள்ளையிடமும் சொல்ல வேண்டும்.

நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதை எழுதுபவர் பெற்றோரை அறைக்கு வெளியே உட்காரச் சொல்வார். “ஏன் டாக்டர்?” என்ற கேள்விக்கு எல்லோரிடமும் தயாரான பதில் இருக்கும். மக்களுக்கு உதவ வேண்டும், அறிவியல் பிடிக்கும். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம். “உதவத்தான் ஆசை என்றால் ஏன் நர்ஸ் ஆகக் கூடாது? ஏன் ஆசிரியர் ஆகக் கூடாது?” கல்லூரிகளும் இதைக் கேட்பது வழக்கம். மருத்துவமனையில் நேரில் நின்று பார்த்த பிள்ளை, ஒரு முதியவரிடம் மருத்துவர் கெட்ட செய்தியை எப்படிச் சொன்னார், நர்ஸ் என்ன செய்தார், பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்று விவரமாகப் பேசும். பார்க்காத பிள்ளை திரும்பத் திரும்ப ‘பேஷன்’ (passion) என்ற சொல்லையே சொல்லும். பேசி முடித்ததும் ஆலோசகர் மெதுவாக ஒன்று கேட்பார்: “இந்த லெட்டர் வராம இருந்திருந்தா வருத்தப்பட்டிருப்பியா, நிம்மதியா இருந்திருக்குமா?” பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

நிபந்தனையின் கடுமையும் பிள்ளையின் சுபாவமும் பொருந்துகிறதா என்பதே இந்தத் தேர்வில் முதல் கணக்கு. மொத்தச் செலவு இரண்டாவது. விலகும் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்பது மூன்றாவது. ஆண்டு மிச்சமாவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். ரெசிடென்சியையும் சேர்த்து பதினோரு ஆண்டோ பதினைந்து ஆண்டோ ஓடப்போகும் பாதையில் ஓராண்டு முன்னே பின்னே ஆவது பெரிய விஷயமல்ல. மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்பவர்களின் சராசரி வயதே 24 என்ற அளவில் இருக்கிறது. எட்டாண்டுத் திட்டத்தில் போகும் பிள்ளை அப்போதும் வகுப்பில் இளையவனாகத்தான் இருப்பான்.

இந்த ஆண்டு கடிதம் வந்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். மே 1-க்கு முன்னால் அந்தத் திட்டத்தின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு பருவம் மதிப்பெண் குறைந்தால் என்ன நடக்கும், எம்கேட் எல்லை பின்னால் மாறுமா, வெளியே விண்ணப்பித்தால் இடம் நிற்குமா, மூன்றாம் ஆண்டில் விலகினால் பட்டம் கிடைக்குமா என்ற நாலு கேள்விகள் போதும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சலை அப்பாவோ அம்மாவோ எழுத வேண்டாம். படிக்கப்போகும் பிள்ளையே எழுதட்டும்.